தேர்ச்சி பெற்றவரும் கைதேர்ந்தவரும்: செவிலியர் திறனை யார் பார்த்துச் சொல்வது?

1. மாறாத எண்

பொது வார்டு ஒன்றின் கண்காணிப்புத் தாள்களை வரிசையாக எடுத்துப் பார்ப்பவருக்கு ஒன்று புலப்படும். நாடித்துடிப்பு ஆளுக்கு ஆள் மாறுகிறது. ரத்த அழுத்தம் மாறுகிறது. காய்ச்சல் ஏறி இறங்குகிறது. மூச்சின் எண்ணிக்கை மட்டும் 18 அல்லது 20 என்று நிலைத்து நிற்கிறது. நிமோனியாவில் மேல்மூச்சு வாங்குபவருக்கும் மறுநாள் குடலிறக்க அறுவைக்காகக் காத்திருப்பவருக்கும் ஒரே எண். இந்தப் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் 2008இல் வெளிவந்த கட்டுரை, புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்று சுவாச எண்ணிக்கையைத் தலைப்பிலேயே சுட்டியது. மற்ற உயிர்க்குறிகளுக்குக் கருவி இருக்கிறது. பட்டையைச் சுற்றினால், விரலில் மாட்டினால் எண் வந்துவிடும். மூச்சை எண்ண ஒருவர் ஒரு நிமிடம் முழுவதும் நோயாளியின் மார்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பு பெரியது. பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் அறிமுகப்படுத்தி 2017இல் திருத்திய தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரையிலான சுவாசத்துக்கு மதிப்பெண் பூஜ்யம். 21 முதல் 24 வரை என்றால் 2. 25ஐத் தொட்டால் 3. அந்த ஓர் அளவு மட்டுமே மருத்துவரை உடனே அழைக்கப் போதுமானது. 26 இருக்கும் இடத்தில் 20 என்று எழுதப்பட்டால், ஆபத்தில் இருக்கும் நோயாளி தாளில் நலமாக இருக்கிறார்.

அப்படி எழுதிய செவிலியருக்கு மூச்சை எண்ணத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முதலாண்டிலேயே கற்றார். செய்முறைத் தேர்வில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, நோயாளி அறியாதவாறு நாடியைப் பிடித்த பாவனையிலேயே நின்று, முழு நிமிடம் எண்ணிக் காட்டினார். மதிப்பெண்ணும் வாங்கினார். அப்படியானால் அந்தத் தேர்வு அவரிடம் எதை அளந்தது? வார்டில் அவரிடம் எது இல்லாமற்போனது? அது அவரிடம்தான் இல்லாமற்போனதா, அல்லது வார்டில் இல்லையா? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

தமிழில் ‘தேர்ச்சி’ என்ற சொல் இரண்டு பொருளையும் தாங்கி நிற்கிறது. தேர்வில் வென்றவர் தேர்ச்சி பெற்றவர். தொழிலில் பழுத்தவர் கைதேர்ந்தவர். ஒரே வேரிலிருந்து வந்த இவ்விரண்டும் ஒன்றாகிவிடும் என்ற நம்பிக்கையின்மேல்தான் கல்லூரி, பல்கலைக்கழகம், பதிவுக் குழு எல்லாம் நிற்கின்றன. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் செல்லும் என்று சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2. அன்பும் அறிவும்

அளப்பது பற்றிப் பேசுமுன், இத்தொழிலை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். இலங்கைத் தமிழர் வழங்கும் ‘தாதி’ என்ற சொல்லிலும் வளர்ப்புத்தாயின் சாயல் உண்டு. இப்பெயர்கள் அழகானவை. ஆனால் தாய்மையைத் தேர்வு வைத்து அளப்பதில்லை என்பதால், இப்பெயரைச் சூடிய தொழிலின் அறிவையும் நாம் அளக்கத் தயங்குகிறோம். மே 12 செவிலியர் நாள் விழா மேடைகளில் தியாகமும் கருணையும் புகழப்படும் அளவுக்கு, மருந்தின் அளவைக் கணக்கிடும் கணிதமோ அதிர்ச்சி நிலைக்குச் செல்லும் நோயாளியை முன்கூட்டியே கண்டுகொள்ளும் கண்ணோ புகழப்படுவதில்லை.

பழைய மரபு இவ்வளவு குறுகியதாக இருக்கவில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் நான்காம் கூறாகச் சேர்க்கிறது. ‘உழைச்செல்வான்’ என்பது வள்ளுவர் தரும் சொல். அவருக்குரிய இயல்புகளாகப் பரிமேலழகர் உரை நான்கைச் சொல்கிறது: நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதை அவ்வாறே செய்துமுடிக்கும் வன்மை, அறிவு. சரக சம்ஹிதையின் பட்டியலும் ஏறக்குறைய இதே நான்குதான். நான்கில் முதலிரண்டை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். தொழில் தேர்ச்சி என்று இன்று உலகம் பேசுவதோ பின்னிரண்டான வன்மையையும் அறிவையும்தான்.

நவீன செவிலியத்தின் தொடக்கத்திலேயே இந்த இழுபறி இருந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட செவிலியக் குறிப்புகள் நூலில் நோயாளியைக் கூர்ந்து நோக்குவதற்கென்றே ஓர் இயல் உண்டு. மறு ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அவரே பிற்காலத்தில், தேர்வும் பதிவேடும் வைத்துச் செவிலியருக்கு அரசு முத்திரை குத்துவதை எதிர்த்தார். நல்ல செவிலியரை நல்லவராக்கும் குணங்கள் தேர்வில் சிக்காது என்பது அவருடைய வாதம். எதிரணியில் நின்ற எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக், பதிவு இல்லாவிட்டால் பயிற்சி பெற்றவரையும் பெறாதவரையும் மக்கள் எப்படிப் பிரித்தறிவர் என்று கேட்டார். 1919இல் பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தது, ஃபென்விக் வென்றார். ஏழாண்டுகள் கழித்துச் சென்னை மாகாணத்திலும் 1926ஆம் ஆண்டுச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டம் வந்தது. ஃபென்விக் கேட்டது நியாயமான கேள்வி என்றே கருதுகிறேன். ஆனால் நைட்டிங்கேல் எழுப்பிய ஐயத்துக்கு எந்தச் சட்டமும் இதுவரை விடை தரவில்லை.

தமிழ்நாடு இவ்வரலாற்றில் பின்தங்கிய இடமன்று. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் தொடங்கிய பயிற்சி நாட்டின் முன்னோடிகளில் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியது. 1946இல், டெல்லியோடு சேர்ந்து, நாட்டின் முதல் பட்டப் படிப்பையும் தந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் அதற்கு மறு ஆண்டில் வந்தது.

3. தேர்ச்சி எங்கே இருக்கிறது?

கடந்த அரை நூற்றாண்டில் செவிலியர் தேர்ச்சி பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் மூன்று கருத்துகள் நம் கேள்விக்கு நேரடியாக உதவுகின்றன.

பட்ரீசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூல், புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலைவரை ஐந்து படிகளை வகுத்தது. சதுரங்க ஆட்டக்காரர்களையும் விமானிகளையும் ஆராய்ந்த டிரெய்ஃபஸ் சகோதரர்களிடமிருந்து அவர் இதைப் பெற்றார். விதிகளைப் பற்றிக்கொண்டு நடக்கும் புதியவர், அனுபவம் சேரச் சேரச் சூழலை முழுமையாகப் படிக்கத் தொடங்குகிறார் என்பது சாரம். நம் கல்லூரிகளில் இந்த ஐந்து படிகளை மனப்பாடமாக ஒப்பிக்காத மாணவர் இல்லை. ஆனால் பென்னரின் முக்கியமான கருத்து ஒப்பித்தலில் நழுவிவிடுகிறது: ஒரு பிரிவில் வல்லுநரானவர் வேறு பிரிவுக்குச் சென்றால் மறுபடியும் புதியவராகிறார். தேர்ச்சி என்பது ஆளோடு ஒட்டிக்கொண்டு வரும் பட்டம் அன்று என்பது இதன் பொருள். டயாலிசிஸில் பத்தாண்டு பழகியவரை ஓர் ஆணையில் பிரசவ அறைக்கு மாற்றிவிட்டு, பணிமூப்பை மட்டும் பார்த்து அவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நிர்வாகங்கள் பென்னரை வாசிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடு மருத்துவக் கல்விக்காக எழுதப்பட்டது என்றாலும் செவிலியத்துக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அடியில் ‘அறிவார்’, அதன்மேல் ‘எப்படி என்று அறிவார்’, அதன்மேல் ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘செய்வார்’. செய்து காட்டுவதற்கும் செய்வதற்கும் இடையில் ஒரு கோடுதான் வரையப்பட்டிருக்கிறது. நம் செவிலியர் ஒரு நிமிடம் மூச்சை எண்ணிக் காட்டியது கோட்டுக்குக் கீழே. 20 என்று எழுதியது கோட்டுக்கு மேலே.

மூன்றாவது, கிறிஸ்டின் டானர் 2006இல் முன்வைத்த மருத்துவத் தீர்மானம் பற்றிய விளக்கம். கவனித்தல், பொருள்கொள்ளுதல், செயற்படுதல், செய்ததைத் திரும்பிப் பார்த்தல் என்ற நான்கு அசைவுகளாக அவர் செவிலியரின் சிந்தனையைப் பிரிக்கிறார். முதல் அசைவு கவனித்தல் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நேற்று இரவு தன் மகளின் பெயரைச் சொல்லிப் பேசிய முதியவர் இன்று காலை பதில் சொல்லத் தயங்குகிறார் என்பது எந்தக் கருவியிலும் ஏறாது. நேற்றும் இருந்து இன்றும் பார்க்கிற ஒருவருக்கே அது தெரியும். செவிலியரின் அறிவில் பெரும்பங்கு இவ்வகைப்பட்டது. செய்முறைப் பட்டியலில் அதற்கு வரிசை எண் கிடையாது.

4. தேர்வுகள் பார்ப்பதும் பார்க்காததும்

எழுத்துத் தேர்வின் எல்லை எங்கே என்பதற்கு அண்மைக் காலத்தின் கொடுமையான சான்று அமெரிக்காவிலிருந்து வந்தது. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த மூன்று செவிலியப் பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்களை விற்றிருந்ததை 2023 ஜனவரியில் அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் பதிவுக்கான தேசியத் தேர்வான என்கிளெக்ஸில் வென்றிருந்தனர். அவர்களில் பலர் துணைநிலைச் செவிலியராக முன்பே வேலை பார்த்தவர்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும், பள்ளி முன்வைத்திருக்க வேண்டிய நோயாளிப் படுக்கையருகுப் பயிற்சியைச் செய்யாமலேயே, உலகின் மிக நுட்பமான கணினித் தேர்வு ஒன்றைக் கடக்க முடிந்திருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் அத்தேர்வு, தீர்மானிக்கும் ஆற்றலைச் சோதிக்கும் புதிய வகைக் கேள்விகளோடு மாற்றியமைக்கப்பட்டது. மாற்றம் முன்பே திட்டமிடப்பட்டது, நல்ல திசையிலானது. இருந்தாலும் கேள்வி எவ்வளவு நுட்பமானாலும், திரையில் வருகிற நோயாளி தன் குறிகளைத் தானே வரிசைப்படுத்திச் சொல்லிவிடுகிறார். வார்டில் அவற்றைத் தேடிக் காண வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012இல் உருவான மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் அரசுச் செவிலியரை எழுத்துத் தேர்வு வழியேதான் எடுக்கிறது. சிபாரிசை ஒதுக்குவதற்கு இது பயன்படுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வந்து சேர்ந்தவர் ஊசி போடும் முன் நோயாளியின் பெயரைக் கேட்பாரா என்பது வாரியத்துக்குத் தெரியாது.

ஆஸ்கி என்று ஆசிரியர்கள் சுருக்கமாக அழைக்கும் நிலையத் தேர்வு, இக்குறையைத் தீர்க்க வந்தது. ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்டு ஹார்டனும் உடன் பணியாற்றியோரும் 1975இல் அதை வெளியிட்டனர். மாணவர் ஒவ்வொரு நிலையமாகச் சுற்றிவருவார். ஒவ்வொன்றிலும் குறித்த நிமிடங்களுக்குள் குறித்த வேலை. தேர்வாளரின் கையில் சரிபார்ப்புப் பட்டியல். இதன் அருமை பழைய முறையை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பழைய செய்முறைத் தேர்வில் உங்களுக்கு எந்த நோயாளி வாய்க்கிறார், வெளித் தேர்வாளர் எந்த மனநிலையில் இருக்கிறார், வைவாவில் எந்த மூலையிலிருந்து கேள்வி வருகிறது என்பவற்றைப் பொறுத்தே முடிவு அமைந்தது. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே அளவுகோல் என்று வந்தது மாணவர்களுக்குக் கிடைத்த நீதி. பிரிட்டனில் பதிவு பெற விரும்பும் வெளிநாட்டுச் செவிலியர் அனைவரும் இன்று கணினித் தேர்வோடு இதையும் கடக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் செல்பவர்கள் இதற்கென்றே பயிற்சி மையங்களில் சேர்கிறார்கள்.

அங்கேதான் சிக்கலும் தெரிகிறது. பயிற்சி மையம் கற்பிப்பது பட்டியலை. பொம்மையின் முன் நின்று, ‘கைகளைக் கழுவுகிறேன், திரையை இழுக்கிறேன், நோயாளியின் சம்மதத்தைப் பெறுகிறேன்’ என்று வாயால் அறிவிக்கப் பழகுகிறார் மாணவர். அறிவித்தால் மதிப்பெண். முழு உடம்பான நோயாளி ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாகிறார். நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் தேவை எழும்போது யாரிடம் முதலில் போவது என்ற, செவிலியரின் அன்றாடக் கேள்வி எந்த நிலையத்திலும் எழுவதில்லை. ஆஸ்கியைக் கைவிடச் சொல்லவில்லை. மில்லரின் மூன்றாம் படியை அளக்க இதைவிட நேர்மையான கருவி நம்மிடம் இல்லை. நான்காம் படிக்கும் அதையே சான்றாகக் காட்டுவதுதான் தவறு.

சுயமதிப்பீடு வேறொரு வழி. ஃபின்லாந்தின் ரீட்டா மெரெதோயா 2004இல் வெளியிட்ட செவிலியர் தேர்ச்சி அளவுகோல் பென்னரின் கருத்தை அடியாகக் கொண்டு, ஏழு பிரிவுகளில் 73 கூறுகளை அடுக்குகிறது. ஒவ்வொன்றிலும் தன் நிலையைச் செவிலியரே பூஜ்யத்துக்கும் நூறுக்கும் இடையில் குறிக்கிறார். தன் குறையைத் தானே எண்ணிப் பார்க்க இது உதவும், தேர்ச்சிக்குச் சான்றாகாது. குறைந்த திறனுடையவர்களே தம்மை மிகையாக மதிப்பிட முனைகிறார்கள் என்று குரூகரும் டன்னிங்கும் 1999இல் எழுதியது இங்கே நினைவுக்கு வர வேண்டும். தாளில் குறித்துத் தருவதையே சான்றாகக் கொள்ளும் பழக்கம் நம் ஆய்வுகளிலும் உண்டு. நம் எம்.எஸ்சி. ஆய்வேடுகளில் நிரம்பக் காணப்படும் வடிவம் ஒன்று இருக்கிறது: செவிலியர் சிலரிடம் முன்தேர்வு வினாத்தாள், பிறகு திட்டமிட்ட போதனை, ஒரு வாரம் கழித்து அதே வினாத்தாள், மதிப்பெண் உயர்ந்தது என்ற முடிவு. ஆண்டுதோறும் அடுக்கப்படும் இந்த ஆய்வேடுகள் அறிவு என்ற அடிப்படியிலேயே நின்றுவிடுகின்றன. போதனைக்குப் பின் வார்டில் ஒரு நோயாளிக்காவது நடைமுறை மாறியதா என்று நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வு அருமையாகவே கிடைக்கிறது. இவ்வளவு இளைஞர்களின் உழைப்பு இப்படிக் கரைவது வருத்தம் தருகிறது.

பாவனைப் பயிற்சிக்கூடங்கள் பற்றி அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. பத்துப் பள்ளிகளில் நடந்த அந்த ஆய்வில், வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதிவரை தரமான பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்தவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகவே விளங்கினர். இதைச் சொல்லி விலையுயர்ந்த பொம்மைகளை வாங்கும் கல்லூரிகள், ‘தரமான’ என்ற சொல்லுக்குள் இருந்ததைக் கவனிப்பதில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர், போதுமான எண்ணிக்கையில். ஒவ்வொரு பாவனைக்குப் பிறகும் நடந்ததை உட்கார்ந்து அலசிப் பேசும் நேரம். பொம்மைக்கூடத்தின் கதவைப் பூட்டி வைத்து ஆய்வுக்குழு வரும் நாளில் திறப்பதால் இவை எதுவும் நடந்துவிடாது.

5. லாக் புக்கில் ஒரு கையெழுத்து

இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021இல் அரசிதழில் வெளியானது. எட்டுப் பருவங்கள், திறன் அடிப்படையிலான கல்வி, ஆஸ்கி, நேரடியாகப் பார்த்து மதிப்பிடும் செய்முறை, எட்டாம் பருவத்தில் 22 வாரங்கள் வாரத்துக்கு 48 மணி நேரம் வார்டுப் பணி: காகிதத்தில் இது துணிச்சலான ஆவணம். அதன் மிகச் சிறந்த பகுதி, யாரும் பெரிதாகப் பேசாத லாக் புக் என்பது என் மதிப்பீடு. ஒவ்வொரு செயல்முறைக்கும் எதிரே மாணவரின் நிலை மூன்றில் ஒன்றாக வகுக்கப்படுகிறது. முதல் நிலையில் அவரால் செய்ய இயலாது. இரண்டாம் நிலையில் மேற்பார்வையோடு செய்வார். மூன்றாம் நிலையில் மேற்பார்வையின்றிச் செய்வார். மூன்றாம் நிலையை எட்டிய பிறகே ஆசிரியர் கையெழுத்திட வேண்டும்.

இந்தக் கையெழுத்தின் பின்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. கையெழுத்திடும் அதிகாரம் கல்லூரி ஆசிரியருக்கு உண்டு. அவர் பெரும்பாலும் நோயாளியின் பொறுப்பை ஏற்பவர் அல்லர். வெவ்வேறு வார்டுகளில் சிதறிய மாணவர்களைப் பார்த்துவர வந்து போகிறவர். மாணவரின் கை நடுங்குவதை, கேனுலா போட மூன்று முறை குத்தியதை, அழுத பாட்டியின் அருகில் அமர்ந்து பேசியதைப் பார்ப்பவர் வார்டின் ஸ்டாஃப் நர்ஸ். அவருக்குக் கையெழுத்திடும் இடம் இல்லை. கற்பிப்பது அவருடைய பணிக்குறிப்பில் இருப்பதில்லை. அதற்கென்று நேரமும் இல்லை. பார்ப்பவர் கையெழுத்திடுவதில்லை, கையெழுத்திடுபவர் பார்ப்பதில்லை. பருவ முடிவில் பக்கங்கள் மொத்தமாக நிரம்புகின்றன.

நேரில் பார்த்தவரே மதிப்பிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஐயத்துக்கிடமான மாணவர்களையும் வார்டு வழிகாட்டிகள் தேற்றி அனுப்புவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. குறையைக் கண்டும் கடைசி வாரம்வரை சொல்லாமல் இருப்பது, அடுத்த வார்டில் சரியாகிவிடுவார் என்ற நம்பிக்கை, ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தோமே என்ற உறுத்தல், கல்லூரி தன் முடிவை ஆதரிக்காது என்ற அச்சம். இவற்றில் எது நமக்கு அந்நியமானது? நம்மிடம் இன்னும் சில கூடும். நகையை அடகுவைத்துக் கட்டணம் கட்டிய பெற்றோரின் முகம் ஒன்று. தேர்ச்சி விழுக்காட்டைப் பலகையில் எழுதி அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு ஆள் திரட்டும் நிர்வாகத்தின் நெருக்கடி மற்றொன்று.

எனவே கருவியை மாற்றுவதால் மட்டும் இது தீராது. பார்ப்பவரையும் பொறுப்பேற்பவரையும் ஒரே ஆளாக்க வேண்டும். இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி நம் கண்முன் இருக்கும் சான்று. அங்கே செவிலியக் கல்வியும் செவிலியப் பணியும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைக்கப்பட்டிருக்கின்றன. வகுப்பில் கற்பிப்பவர் வார்டிலும் பொறுப்பு வகிக்கிறார். தான் கற்பித்ததைத் தன் நோயாளியிடமே செய்து காட்ட வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு உண்டு. அந்த முறையின் குறைகளை அங்கிருப்பவர்கள் நன்கறிவார்கள். இரட்டைச் சுமை எளிதன்று. ஆனால் கல்லூரிக்கும் வார்டுக்கும் இடையிலான சுவரைத் தாண்ட வேறு வழி காட்டியவர்கள் நம் மாநிலத்தில் குறைவு.

6. திறனா, நேரமா?

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். மூச்சை எண்ணாமல் 20 என்று எழுதியவரைத் திறன் குறைந்தவர் என்பது அநியாயம். நாற்பது பேருக்கு ஒருவராக நின்றால் யாரும் அதைத்தான் செய்வார்கள் என்பது அந்த மறுப்பு. கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அந்த அளவைத் தன் பணிக்காலத்தில் கண்ட அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவரைச் சந்திப்பது கடினம்.

ஆய்வுகள் இம்மறுப்புக்குத் துணைநிற்கின்றன. லிண்டா எய்க்கனும் குழுவினரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவைசிகிச்சை பெற்ற நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2014இல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவு புகழ்பெற்றது. ஒரு செவிலியரிடம் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும்போது, முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடிய இடங்களில் அவ்வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, இதனால்தான் இது என்று நிறுவவில்லை. ஆனாலும் இரண்டு எண்களும் ஒரே ஆய்வில் அருகருகே நிற்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். படிப்பும் ஆள்பலமும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது. தேர்ச்சி பற்றிப் பேசி ஆள்பற்றாக்குறையை மறைப்பது நிர்வாகங்களுக்கு வசதி. ஆள்பற்றாக்குறையைச் சொல்லித் தேர்ச்சி பற்றிய பேச்சையே தவிர்ப்பது தொழிலுக்கு வசதி. இரண்டுக்கும் விலை கொடுப்பவர் படுக்கையில் இருக்கிறார்.

மறுப்பை ஏற்றுக்கொண்டே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நேரமில்லாதபோது யாருடைய மூச்சை மட்டுமாவது கட்டாயம் எண்ண வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் தேர்ச்சிதான். எண்ணாத இடத்தை வெற்றாக விடும் நேர்மையும் தேர்ச்சியின் பகுதிதான். வெற்றிடம் அடுத்து வருபவரை எச்சரிக்கும். பொய்யான 20 அவரை உறங்க வைக்கும். ஆனால் தாளில் கட்டம் வெற்றாக இருந்தால் மெமோ, 20 என்று இருந்தால் யாரும் கேட்பதில்லை என்ற நிலையில், அந்த நேர்மைக்குத் தண்டனை தருவது நிர்வாகமே.

7. நம்பி ஒப்படைத்தல்

நெதர்லாந்தின் ஓலே டென் காட்டே 2005இல் முன்வைத்த கருத்து, திறன்களைத் துண்டு துண்டாக மதிப்பெண்ணிடுவதை விட்டு, ஒரு முழு வேலையை இவரிடம் நம்பி ஒப்படைக்கலாமா என்று கேட்கச் சொல்கிறது. அருகில் நின்று பார்க்க வேண்டுமா, கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதுமா, தனியே விடலாமா என்று நம்பிக்கையின் படிகள் வரையறுக்கப்படுகின்றன. மருத்துவக் கல்வியில் பிறந்த இது செவிலியக் கல்விக்கும் பரவி வருகிறது.

நம் வார்டுகளுக்கு இது புதிதன்று. ‘இந்தப் பிள்ளையை நம்பி நைட் டியூட்டி போடலாம்’ என்று ஒரு வார்டு சிஸ்டர் சொல்வது இதே தீர்ப்புதான். பல நாள் பார்த்து, தவறு செய்தபோது மறைத்தாரா சொன்னாரா என்று கண்டு, சந்தேகம் வந்தால் கேட்கிறாரா என்று அறிந்து சொல்லும் தீர்ப்பு அது. எந்தத் தேர்வையும்விட நோயாளியின் பாதுகாப்புக்கு நெருக்கமானது. அது எழுதப்படுவதில்லை, காரணம் சொல்லப்படுவதில்லை, மாணவருக்குக் காட்டப்படுவதில்லை என்பதே அதன் குறை.

எழுதப்படாத தீர்ப்பில் சாதியும் ஊரும் முகத்துதியும் நுழைய இடமுண்டு. தயங்கிப் பேசும் கிராமத்து மாணவர் திறனற்றவராகவும், சரளமாக ஆங்கிலம் பேசுபவர் திறனுள்ளவராகவும் தோன்றலாம். ஆகவே ஒருவர் தீர்ப்பு போதாது. வெவ்வேறு வார்டுகளில், வெவ்வேறு வேளைகளில், குறைந்தது மூவர் பார்த்துக் காரணத்தோடு எழுத வேண்டும். மாணவர் அதைப் படித்துப் பதில் எழுதும் உரிமை வேண்டும். முதல் வாரத்திலேயே குறையைச் சொல்ல வேண்டும். பார்க்கும் முறைக்குப் பெரும் செலவும் தேவையில்லை. மாணவர் மூச்சை எண்ணி எழுதிய சில நிமிடங்களில், அதே நோயாளியின் மூச்சை வழிகாட்டி தனியாக எண்ணி, இரண்டையும் ஒப்பிடலாம். முன்னறிவிப்பின்றி ஒரு மாதத்தில் பத்து முறை இதைச் செய்தால், எந்த ஆஸ்கியும் சொல்லாததை அந்த இருபது எண்கள் சொல்லிவிடும். பணி மாறும் வேளையில் ஹேண்டிங் ஓவர் சொல்வதை அருகில் நின்று கேட்பதும் அப்படியே: எதை முதலில் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பதில் அவர் நோயாளியை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

பணியில் இருப்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும். பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி மணி நேரங்கள் கேட்கப்படுகின்றன. அவை கருத்தரங்க நாற்காலியில் அமர்ந்திருந்த நேரத்தின் கணக்கு. வார்டு மாறிய ஒவ்வொரு செவிலியருக்கும் புதிய இடத்தில் சில வாரங்கள் அருகிருந்து பார்க்கும் மூத்தவர் ஒருவரைத் தருவது, அந்த மணி நேரங்கள் அனைத்தையும்விடப் பயனுள்ளது. தொகுப்பூதியத்தில் வைத்திருக்கும் ஒருவரிடம் இதைக் கேட்பதற்கு முன், அவருடைய பணி நிரந்தரத்துக்கு அரசு பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசியச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகளை வகுக்கவிருப்பவர்களுக்கும், நம் மாநிலச் செவிலியர் குழுமத்துக்கும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். லாக் புக்கில் இன்னொரு பத்தியைச் சேருங்கள். அதில் கையெழுத்திடும் உரிமையை, மாணவரை வார்டில் நேரில் பார்த்த செவிலியருக்குக் கொடுங்கள். அவர் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் செலவிடும் நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட்டு, அந்த நேரத்துக்கு அவருடைய நோயாளிகளைக் கவனிக்க வேறொருவரை நியமியுங்கள்.